மதினியின் கையில் ஒரு கீறல்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வீரவநல்லூர் பக்கம் எங்கள் ஊர். முகத்தில் கரி பூசிய ஒருவன் ராத்திரியில் பிளேடால் கீறிவிட்டு ஓடுகிறான் என்று பத்து நாளாகப் பேச்சு. ஆறு பேர் காயத்தைக் காட்டிவிட்டார்கள். அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இளவட்டங்கள் கம்போடு காவல் நிற்கிறார்கள். நேற்று என் மதினியும் கையில் ஒரு கீறலைக் காட்டினார். உடைமுள் கிழித்திருக்கும் என்றேன். "நான் பொய்யா சொல்லுதேன்?" என்று அழுதுவிட்டார். வருகிற செவ்வாய் அம்மன் கோயில் கொடைவிழா. வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. மதினி பொய்தானே சொல்கிறார்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இல்லை. முதலில் மதினியிடம் மன்னிப்புக் கேளுங்கள். பத்து நாளாக இதே பேச்சைக் கேட்டுவிட்டு இருட்டில் தனியாக நடந்து வருகிறவருக்கு, சுருக்கென்று ஏதாவது பட்டால் முள் என்றா தோன்றும்? அவர் பயந்தது நிஜம்.

1938 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் என்ற ஆலை நகரத்தில் இதேதான் நடந்தது. இரண்டு இளம்பெண்கள், சுத்தியல் வைத்திருந்த ஒருவன் தாக்கியதாகச் சொன்னார்கள். அடுத்தடுத்த நாட்களில் பிளேடால் கீறினான் என்று பலர் வந்தார்கள். கடைகள் மூடின, ஆண்கள் கூட்டமாக ரோந்து போனார்கள். உதவி செய்யப் போன ஒருவரையே கூட்டம் சூழ்ந்துகொண்டு, போலீஸ் அவரை வீடு சேர்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டு வந்து விசாரித்தது. நவம்பர் 29 அன்று ஒருவர், என் காயத்தை நானே உண்டாக்கினேன் என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் வரிசையாக வேறு பலரும். சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். தன் கையைத் தானே கீறிக்கொள்கிற அளவுக்கு ஓர் ஊரின் பயம் மனிதர்களைக் கொண்டுபோகும். அவர்களை வெறும் பொய்யர்கள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் கவலை உங்கள் இளவட்டங்களின் கையிலிருக்கும் கம்பைப் பற்றித்தான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் தெருவிலும் இப்படி ஒரு புரளி. சாணை பிடிக்கிறவர் ஒருவரை நிறுத்திப் பையைக் கொட்டினார்கள். கத்தியும் அரிவாளும் விழுந்தன. சாணை பிடிக்கிறவரிடம் வேறென்ன இருக்கும்? அது யாருக்கும் தோன்றவில்லை. அவர் சாணைச் சக்கரம் இரண்டு நாள் வாய்க்கால் கரையில் கிடந்தது. அந்தத் தெருவுக்குள் அவர் வந்ததை ஓடிப்போய்ச் சொன்ன பையன்களில் நானும் ஒருவன். இன்றுவரை அது என்னை விடவில்லை.

2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்தது நினைவிருக்கும். குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாளைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்த புரளிதான் காரணம்.

மதினியை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுங்கள். ஒருவேளை யாராவது கீறியிருந்தால் அதை விசாரிக்க வேண்டியவர்கள் அவர்கள். எரியாத தெருவிளக்குகளுக்கு அன்றைக்கே மனுக் கொடுங்கள். காவல் நிற்பவர்களோடு நீங்களும் போய் நில்லுங்கள், கம்பு இல்லாமல்.

சரி, செவ்வாய்க்கிழமை கொடை என்கிறீர்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள், மேளக்காரர்கள், பலூன் விற்பவர்கள் எல்லாரும் வெளியூரிலிருந்து இருட்டின பிறகு வந்து இறங்குவார்கள். கணியான் கூத்துக்காரர் முகத்தில் அரிதாரம்கூட இருக்கும். யார் யார், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று வரி போட்டுக் கொடையை நடத்தும் வரிதாரர்களிடம் கேட்டு, திங்கட்கிழமையே அந்தப் பையன்களிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி