பழைய மெட்டல் லேத்தை வாங்கிச் சீர்செய்து, பிறகு விற்பதென்றால் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேட்கப்பட்டது இதுதான்: பல வருடம் ஓடாமல் துருப்பிடித்த, மோட்டார் கழற்றப்பட்ட ஒரு பழைய லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) விலைக்கு வருகிறது. அதை வாங்கிச் சீர்செய்து, கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்கலாமா?

வாங்கலாம். ஆனால் துருவைப் பார்த்து ஒதுக்காதீர்கள், புதுப் பெயிண்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். மேலோட்டமான துரு இரண்டு நாள் வேலை. தேய்ந்த பெட்டை (மற்ற பாகங்கள் நகரும் நீண்ட அடித்தளம்) அப்படிச் சரிசெய்ய முடியாது. பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மேக்னட் ஸ்டாண்டுடன் நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ், துடைக்கத் துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துப் போங்கள்.

முதலில் பெட். எந்த லேத்திலும் பெரும்பாலான வேலை, பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கை ஒட்டித்தான் நடக்கும். அதனால் சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கம் முதல் 200, 300 மி.மீ. நீளம்தான் தேயும். எதிர்முனையான டெயில்ஸ்டாக் கோடியில், டூலைத் தாங்கி நகரும் கேரேஜ் அதிகம் போகாத இடத்தைத் துடைத்துப் பாருங்கள்; தொழிற்சாலையில் போட்ட கிரைண்டிங் கோடோ ஸ்க்ரேப்பிங் புள்ளியோ அங்கே இன்னும் தெரியும். அதே கோடு சக்குக்குப் பக்கத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். அடுத்து, பெட்டின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுங்கள். கேரேஜின் அடிப்பகுதியான சேடில் உரசாத விளிம்பு பழைய உயரத்திலேயே நிற்கும், உரசிய இடம் இறங்கியிருக்கும். நகம் அந்தப் படியில் தட்டும். தட்டுகிறதென்றால் அது கண்ணை ஏமாற்றும் தேய்மானம் இல்லை, உண்மையானது.

இன்னொரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கேரேஜை சக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, கேரேஜ் லாக்கை லேசாக இறுக்குங்கள். கை சக்கரத்தைச் சுற்றினால் சற்றுப் பிடித்துக்கொண்டே நகர வேண்டும். அப்படியே டெயில்ஸ்டாக் நோக்கி ஓட்டுங்கள். போகப் போக இறுகி நடுவிலேயே நின்றுவிட்டால், சக்குப் பக்கம் அவ்வளவு குறைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் வீண் பயமும் போகும், வீண் நம்பிக்கையும் போகும். பெட் தேய்ந்து டூல் நேர் கீழே 0.1 மி.மீ. இறங்கினால், 25 மி.மீ. விட்டமுள்ள ஜாப்பில் (கடையும் பொருளில்) அளவு 0.001 மி.மீ. கூட மாறாது. ஆனால் பெட்டின் முன்பக்க வி வடிவத் தடத்தின் சரிவு தேய்ந்து டூல் பக்கவாட்டில் 0.1 மி.மீ. விலகினால், விட்டத்தில் நேராக 0.2 மி.மீ. வித்தியாசம் வரும். அதனால் மேலே தெரியும் பள்ளத்தைவிட வி-யின் சரிவுகள்தான் முக்கியம். குட்டையான புஷ்களும் வாஷர்களும் செய்ய, கொஞ்சம் தேய்ந்த லேத் தாராளமாகப் போதும். 300 மி.மீ. ஷாஃப்டை ஒரே அளவில் கடைய வேண்டுமென்றால் போதாது.

‘வாங்கிவிட்டு பெட்டைக் கிரைண்டிங் கொடுத்துக்கொள்ளலாம்’ என்ற கணக்கில் மட்டும் வாங்காதீர்கள். கிரைண்டிங் செய்த அளவுக்கு சேடிலும் அதன் முன்னால் தொங்கும் ஏப்ரனும் கீழே இறங்கும். மரை வெட்டும்போது கேரேஜை இழுக்கும் லீட் ஸ்க்ரூவின் மையத்தில், அதைக் கவ்வும் ஹாஃப் நட் உட்காராது; கை சக்கரத்தால் கேரேஜை நகர்த்தும் ரேக்கும் பினியனும் விலகிவிடும். சேடிலின் அடியில் டர்கைட் (வழுக்கும் பிளாஸ்டிக் தகடு) ஒட்டி உயர்த்த வேண்டும், அல்லது கியர் பாக்ஸையும் லீட் ஸ்க்ரூ பிராக்கெட்டையும் இறக்க வேண்டும். டெயில்ஸ்டாக் உயரமும் மாறும். சிறிய லேத்துக்கு இந்தச் செலவு, நல்ல பெட்டுள்ள இன்னொரு லேத்தின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்தது ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டு. சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து டயல் கேஜ் வைத்துவிட்டு ‘ஆட்டம் இருக்கிறது’ என்று பலர் சொல்வார்கள். அது சக்கின் குறை. நன்கு உழைத்த மூன்று தாடை சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருப்பது சாதாரணம். சக்கைக் கழற்றி, ஸ்பிண்டில் வாயிலுள்ள டேப்பரை (கூம்புத் துளையை) சுத்தமாகத் துடைத்து, அதன் உள்ளே கேஜ் முள்ளை வையுங்கள். 0.01 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. பிறகு சக்கை மாட்டி, ஒரு நீளமான கம்பியைப் பிடித்து மேலும் கீழும் நெம்புங்கள்; கேஜ் முள் சக்கில் இல்லை, ஸ்பிண்டில் கழுத்தில் இருக்க வேண்டும். உருளை பேரிங் என்றால் முள் அசையவே கூடாது. வெண்கலம் அல்லது வைட் மெட்டல் பேரிங் என்றால் ஆயில் படலத்துக்காக 0.03, 0.05 மி.மீ. இருக்கத்தான் செய்யும். மைஃபோர்ட் எம்எல்7 போன்ற லேத்களில் பேரிங் தொப்பிக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு அடுக்கு) இருக்கும். ஒரு அடுக்கை உரித்தால் ஆட்டம் குறையும். ஷிம் எல்லாம் ஏற்கெனவே உரிக்கப்பட்டு, ஆட்டமும் மிச்சமிருந்தால், அந்தப் பேரிங்கின் ஆயுள் முடிந்தது. ஆயில் போட வேண்டிய துளையில் கெட்டி கிரீஸ் திணிக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். சத்தத்தை அடக்கச் செய்யும் வேலை அது. அந்த கிரீஸே ஆயில் போகும் வழியை அடைத்து பேரிங்கைக் கொன்றுவிடும்.

ஸ்பிண்டிலை மெதுவாகச் சுழற்ற உதவும் பேக் கியரைப் போட்டு, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். உடைந்த பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: இறுகிப்போன சக்கைக் கழற்றுவதற்காக, புல் கியர் பின்னை (ஸ்பிண்டிலின் பெரிய கியரைப் புல்லியோடு பூட்டும் பின்) எடுக்காமலே பேக் கியரையும் சேர்த்துப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, சக்கை நெம்பியிருப்பார்கள். வார்ப்பிரும்புப் பல் அந்த அடியைத் தாங்காது. ஒரு பல் போயிருந்தால் பிரேஸிங் (பித்தளைப் பற்றவைப்பு) செய்து பல் வெட்டிக்கொள்ளலாம். பேரம் பேசக் காரணமாகும், வேண்டாமென்று சொல்லக் காரணமாகாது. அட்லஸ் போன்ற சில லேத்களில் கியர்கள் ஸாமாக் என்ற துத்தநாகக் கலவை. அதில் பற்றவைப்பு எடுபடாது, மாற்று கியர்தான் வழி.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் டயல் கால் சுற்று சும்மா சுற்றினால் நட் தேய்ந்திருக்கிறது. புது வெண்கல நட் செய்வது பெரிய வேலையில்லை. லீட் ஸ்க்ரூவின் மரை சக்குப் பக்கம் மட்டும் மெலிந்து கூராகத் தெரிகிறதா என்று பாருங்கள், ஹாஃப் நட்டைப் போட்டு கேரேஜைத் தள்ளி இழுத்தும் பாருங்கள்.

விடுபட்ட சாமான்களுக்குத்தான் பலர் கணக்குப் போட மறக்கிறார்கள். மோட்டார் இல்லாதது பெரிய குறையே இல்லை. மரை அளவுக்கேற்ப மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர் செட், நான்கு தாடை சக், ஃபேஸ் பிளேட் (பொருளைப் பிணைக்கும் தட்டு), நீளமான பொருளைத் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் இல்லாததுதான் குறை. ஸ்டெடி அந்த பெட்டின் வடிவத்துக்கென்றே வார்த்தது, வேறு லேத்தினுடையது உட்காராது. அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும், 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் வருவதுதான் அந்த 127. அது கிடைக்காவிட்டாலும், உட்கார இடமில்லாவிட்டாலும், 63 பல் கியரை வைத்துச் சமாளிக்கலாம். பிழை 8000-க்கு 1 பங்குதான், சாதாரண போல்ட் மரையில் தெரியவே தெரியாது. சக்குகளின் மரையையும் அளந்துவிடுங்கள்: எம்எல்7-இன் ஸ்பிண்டில் மூக்கு 1 1/8 அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை, சவுத் பெண்ட் 9 அங்குல லேத்தில் ஒன்றரை அங்குலம், 8 மரை. கூட வரும் சக் வேறு லேத்தினுடையதாகவும் இருக்கலாம்.

ஏற்றும்போதுதான் நல்ல லேத்கள் உடைகின்றன. எடை முழுக்க ஹெட்ஸ்டாக் பக்கமும் மேல்பக்கமும் இருக்கிறது. மோட்டார், சக், டெயில்ஸ்டாக்கைக் கழற்றுங்கள், கேரேஜை டெயில்ஸ்டாக் கோடிக்குத் தள்ளிப் பூட்டுங்கள். தூக்கும் பெல்ட்டை பெட்டின் அடியில் மட்டும் போட வேண்டும். லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு மேல் பெல்ட் பட்டால் வளையும், வளைந்த ஸ்க்ரூ கடைசிவரை தொல்லை. லேத்தின் கால்களை இரண்டு கனமான மரக்கட்டையில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் கவிழாது.

பிரிக்கும்போது கழற்றும் ஒவ்வொரு பகுதியையும் முதலில் படமெடுத்து, திருகுகளைத் தனித்தனிப் பையில் போடுங்கள். கை சக்கரம், கியர், காலர் ஆகியவற்றைப் பிடித்திருப்பது பெரும்பாலும் டேப்பர் பின் (ஒரு முனை சிறுத்த பின்). இரண்டு முனையையும் வெர்னியரில் அளந்து, சின்ன முனையிலிருந்துதான் அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் பின் இன்னும் இறுகும், முனை விரிந்து, துளையிட்டு எடுக்கும் நிலை வரும்.

பெட்டின் துருவுக்கு உப்புத்தாளும் எமரியும் வேண்டவே வேண்டாம். அதன் துகள் வார்ப்பிரும்பில் பதிந்து, சேடிலை அரைத்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயோ ஆயிலோ தடவி, சவரப் பிளேடைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டினால் துரு பொடியாக வந்துவிடும், உலோகம் அப்படியே இருக்கும். சின்ன இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு அருமையான வழி: 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பாகம் நெகட்டிவில், வேண்டாத இரும்புத் தகடு பாசிட்டிவில். தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, விஷத்தன்மையுள்ள குரோமியம் கரைசலில் சேரும். ஹைட்ரஜன் வரும், திறந்த இடத்தில் செய்யுங்கள். அலுமினியம், ஸாமாக், ஸ்பிரிங் எதையும் இதில் போடாதீர்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஆயில் திரிகளையும் ஃபெல்ட்டையும் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். பழைய திரி உறைந்த மெழுகு மாதிரி ஆகி, ஒரு சொட்டும் இறங்காது.

மூன்று பேஸ் மோட்டார் போட்டு ஒரு பேஸில் ஓட்ட வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வைக்கலாம். மோட்டார் தகட்டில் 230/400 என்று இருந்தால், மோட்டாருக்குள் உள்ள கம்பி இணைப்பை டெல்டா முறைக்கு மாற்றினால் போதும். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய சுவிட்ச் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பிண்டிலில் மரையால் மாட்டும் சக் என்றால் நிற்கும் நேரத்தை 4, 5 நொடியாக வையுங்கள். சட்டென்று நிறுத்தினால் சக் சுழன்ற வேகத்திலேயே கழன்று பெட்டில் விழும்.

தரையில் வைத்ததும் ‘ஹெட்ஸ்டாக் கோணலாக இருக்கிறது’ என்று அதைத் தளர்த்திவிடாதீர்கள், பெரும்பாலும் பெட்தான் முறுக்கிக்கொண்டிருக்கும். 25 மி.மீ.க்குக் குறையாத கம்பியை சக்கிலிருந்து 150 மி.மீ. வெளியே விட்டு, சென்டர் தாங்கல் இல்லாமல் இரண்டு முனையிலும் ஒரே செட்டிங்கில் மெல்லியதாகக் கடைந்து அளந்து பாருங்கள். வெளி முனை பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்க முன்காலின் அடியில் ஷிம் வையுங்கள், சிறிதாக இருந்தால் பின்காலில். ஒரு மெல்லிய தகடு வைத்து போல்ட்டை இறுக்கினாலே அளவு மாறும். வார்ப்பிரும்பு அவ்வளவு வளையும் என்பதை நம்பாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கட்டும்.

விற்கும்போது உங்கள் உழைப்புக்கான மணிநேரம் விலையில் திரும்பி வராது. சாமான்கள் முழுமையாக இருப்பதற்கும், கண்ணெதிரே ஓடுவதற்கும்தான் வாங்குபவர் பணம் கொடுப்பார். ஆகவே பாதி பிரித்து, பெட்டிகளில் போட்டு விற்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். எது விடுபட்டது என்று வாங்குபவரால் சரிபார்க்க முடியாததால், எல்லாமே விடுபட்டது போலத்தான் விலை பேசுவார். எப்படியாவது கூட்டி, ஓட்டிக் காட்டுங்கள்.

விற்பதற்காகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். தெரிந்தவர்கள் உடனே ‘எதை மறைக்கிறார்?’ என்றுதான் யோசிப்பார்கள். மண்ணெண்ணெயில் கழுவி, பெட்டில் ஸ்லைடு ஆயில் தடவினால் போதும். படங்களில் சக்கை ஒட்டிய பெட், ஸ்பிண்டில் டேப்பர், பேக் கியர் பற்கள், பெயர்த்தகடு, சீரியல் எண் (சவுத் பெண்டில் பெட்டின் வலது கோடியில் பொறித்திருக்கும்) தெளிவாகத் தெரியட்டும். துணைச் சாமான்களைத் தரையில் பரப்பி ஒரே படமாக எடுங்கள். கம்பி கடைவதையும், மரை வெட்டும்போது ஹாஃப் நட் பிடிப்பதையும் ஒரு நிமிட வீடியோவில் காட்டுங்கள். நகம் தட்டும் படி இருந்தால் அதை நீங்களே அளவோடு எழுதிவிடுங்கள். நேரில் வந்து கண்டுபிடித்தால், இல்லாத குறைகளுக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்கள்.

சக்குகளையும் ஸ்டெடியையும் தனியாக விற்றால் கூடுதல் பணம் வரும் என்பது உண்மைதான். ஆனால் மிச்சமாகும் லேத் அடுத்தவருக்குப் பயன்படாமல், கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போகும். நல்ல பெட்டுள்ள லேத்துக்கு அந்த கதி வரக் கூடாது. ஒரே தொகுப்பாகக் கொடுங்கள். வாங்குபவர் வண்டி கொண்டு வருவதற்கு முந்தைய நாளே சக்கைத் தளர்த்தி வையுங்கள்: தாடைக்கும் பெட்டுக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து, துரு இளக்கும் ஆயில் விட்டு ஓர் இரவு விட்டுவிட்டு, ஸ்பிண்டிலை பெல்ட்டால் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். வண்டி வந்து நிற்கும் அவசரத்தில் யாராவது பேக் கியரைப் போட்டு நெம்பப் போகிறார்கள்.