ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: பொது மருத்துவக் காப்பீடா, மலிவான தனியார் காப்பீடா?

வயது 24, மாதம் நாற்பது யூரோவுக்குள் கிடைக்கும் தனியார் மருத்துவக் காப்பீடு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: பொதுக் காப்பீடே எடுங்கள்.

டிகே, ஏஓகே, பார்மர் போன்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் எதுவானாலும் மாணவர் கட்டணம் மாதம் ஏறக்குறைய 140–150 யூரோ (2025 நிலவரம்). கை கடிக்கும்தான். ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா, சர்க்கரை இருந்தாலும் மறுக்க மாட்டார்கள். டாக்டரிடம் அட்டையை நீட்டினால் போதும். மருந்துச் சீட்டுக்கு மருந்துக்கடையில் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ கட்டுவீர்கள். தனியாரில் பொதுவாக நீங்களே பில்லைக் கட்டிவிட்டு, அப்புறம் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும்.

முக்கியமான சிக்கல் வேறு. தனியாருக்குப் போக, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை மாணவர் கட்டணத்துக்குத் திரும்ப முடியாது. ஏஜென்ட்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், மொழிப் படிப்பு மட்டும் படிப்பவர்களுக்கும் மாணவர் கட்டணம் கிடையாது. அவர்களுக்குத் தனியார்தான் வழி என்று ஆகலாம்.

சரி, விமானம் ஏறியதிலிருந்து பல்கலைக்கழகத்தில் சேரும்வரை? அந்த நாட்களுக்கு மட்டும் பயணக் காப்பீடு எடுங்கள். விசாவுக்கும் அது தேவைப்படும்.