லண்டனில் ஓஃப் லைசென்ஸ் கடையில் (வெளியே கொண்டுபோய்க் குடிக்க மது விற்கும் கடையில்) வேலை செய்கிறேன். குடிவெறியில் வருபவருக்கு மது விற்க மறுத்தால் எனக்குப் பிரச்சினை வருமா?

மறுத்தால் வராது. விற்றால்தான் வரும், அதுவும் முதலாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கே வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பிலுள்ள 2003ஆம் ஆண்டு லைசென்ஸிங் சட்டத்தின் 141ஆம் பிரிவு, வெறியில் இருப்பவருக்குத் தெரிந்தே மது விற்பதையும் விற்க முயல்வதையும் குற்றம் என்கிறது. சம்பளம் வாங்காமல் மாமாவின் கடையில் உதவிக்கு நின்றாலும், விற்கும் பொறுப்பில் நின்றால் இது உங்களுக்குப் பொருந்தும். பொலிஸ் அங்கேயே 90 பவுண்ட் தண்டச் சீட்டு எழுதலாம். நீதிமன்றம் போனால் 1,000 பவுண்ட் வரை தண்டம். பெர்சனல் லைசென்ஸ் (மது விற்பனைக்கான தனிநபர் அனுமதி) வைத்திருப்பவர் என்றால், அதை ஆறு மாதம் வரை நிறுத்தி வைக்கவோ பறிக்கவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடை லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி, அதை வழங்கிய உள்ளூர் கவுன்சிலைப் பொலிஸ் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சட்டம்.

எந்த அளவு குடித்தால் வெறி என்று சட்டம் சொல்லவில்லை. காரோட்டிகளுக்கு இருப்பதுபோல இரத்த அளவு எதுவும் இதற்குக் கிடையாது. மதுவால் தன்னிலை தடுமாறியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. வாயில் மணக்கிறது என்பது மட்டும் போதாது. ஒரு பியர் குடித்தவருக்கும் மணக்கும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, காசை எண்ண முடியாமல் தடுமாறுவது, கார்ட் மெஷினில் பின் நம்பரைப் பலமுறை பிழையாக அடிப்பது, அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் விற்காதீர்கள்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயாளி, சீனி குறைந்துபோன நீரிழிவுக்காரர் ஆகியோருக்கும் நாக்குக் குழறும், கால் தள்ளாடும். அவரை வெறிகாரர் என்று விரட்டினால் மனிதரை அவமானப்படுத்துகிறீர்கள். 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் கடைமீது வழக்கும் வரலாம். அதனால் முதலில் இரண்டு வார்த்தை பேசுங்கள். மது மணமே இல்லாமல் வியர்த்துக் கொட்டிக் குழப்பமாகப் பேசினால் அம்புலன்ஸ் தேவையா என்று பாருங்கள்.

போத்தலை ரில்லில் (காசு மெஷினில்) அடிக்க முன்பே மறுப்பது நல்லது. காசை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது. “நீங்க வெறியில நிக்கிறீங்க” என்று ஆள்மேல் பழி போடாமல், “இப்ப இதை வித்தா எனக்குத்தான் தண்டம் அண்ணை, நாளைக்கு வாங்கோ” என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கக் கூடாது. போத்தலை உங்கள் பக்கம் எடுத்து வைத்துவிடுங்கள்.

கூட வந்த நண்பர் “நான் வாங்குறன்” என்பார். வெறியில் இருப்பவருக்கு வாங்கிக் கொடுப்பதைத் தடுக்கும் 142ஆம் பிரிவு, அந்த இடத்திலேயே குடிப்பதற்கு வாங்குவதைத்தான் சொல்கிறது. அதாவது பப்புக்குப் பொருந்தும். ஆனால் காசு வெறிகாரரின் கையிலிருந்து வந்தால், உண்மையில் யாருக்கு விற்றீர்கள் என்று கேட்பார்கள். என் கருத்தில் அவருக்கும் மறுப்பதே சரி.

வெறியில் இருப்பவர், வெளியே போகச் சொல்லியும் தகுந்த காரணமில்லாமல் போகாமல் நின்றால் 143ஆம் பிரிவின்படி குற்றம் அவருடையது. தொட்டுத் தள்ளாதீர்கள். பொலிஸை அழைத்தால், அவரை வெளியேற்ற உதவுவது அவர்கள் கடமை. மிரட்டினால் உடனே 999 என்ற அவசர இலக்கத்தை அழையுங்கள்.

ஆள் போனதும், விற்க மறுத்தவற்றைக் குறிக்கும் மறுப்புப் பதிவேட்டில் எழுதுங்கள்: திகதி, நேரம், ஆளின் தோற்றம், கேட்ட மது, கண்ட அறிகுறிகள், உங்கள் கையெழுத்து. “வெறி” என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். “மூன்று முறை பின் பிழை, கதவில் மோதினார்” என்று எழுதினால்தான் அது சாட்சியாக நிற்கும். கமராப் பதிவை 31 நாள் வைத்திருக்கச் சொல்லும் நிபந்தனை பல கடைகளின் லைசென்ஸில் இருக்கும். தகராறு நடந்திருந்தால் அந்தக் கெடுவுக்குள் முதலாளியைக் கொண்டு தனியாகச் சேமித்துவிடுங்கள்.