டெஸ்ட் வரலாற்றின் சிறந்த பேட்டிங் வரிசை எது? கேள்வி பதில்

கேள்வி: சார், பேட்டிங் வரிசையை எப்படி மதிப்பிடுறது? ஏழு பேரோட சராசரியையும் கூட்டி ஏழால வகுத்தாப் போதுமா?

பதில்: போதாது. ஆறு பேர் 40, ஒருவர் 100 என்று வையுங்கள். 340-ஐ ஏழால் வகுத்தால் 48.6 வருகிறது. ஆனால் அந்த ஒருவர் சீக்கிரம் அவுட்டானால் மிச்சம் இருப்பது 40 சராசரி அணிதான். சராசரி ஏறத்தாழ 100 வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் பிராட்மேன் ஆடிய அணிகளை இப்படிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

மூன்று நான்கு வருடக் காலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு பேரில் ஆறு பேராவது சேர்ந்து ஆடிய டெஸ்டுகளை மட்டும் வையுங்கள். ஒன்று முதல் ஏழாம் இடம் வரை வந்த ரன்களைக் கூட்டி, அவர்கள் மொத்தம் எத்தனை முறை அவுட்டானார்களோ அந்த எண்ணால் வகுங்கள். அதே டெஸ்டுகளில் எதிரணியின் முதல் ஏழு பேருக்கும் இதையே செய்து, முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் பிட்சின் தாக்கம் பெருமளவு கழிந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மார்ஷல், ஹோல்டிங் போன்ற வேகப்பந்து வீச்சாளர்கள் ஆடிய வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு எதிரணியின் சராசரி எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அதனால் அவர்களின் பேட்டிங் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அங்கே மட்டும், அதே மைதானத்தில் அதே பந்துவீச்சை மற்ற அணிகள் எப்படி ஆடின என்று ஒப்பிடுங்கள். உள்நாடு, வெளிநாடு இரண்டையும் கலக்காதீர்கள். 100 ரன்னுக்குள் நாலு விக்கெட் விழுந்த இன்னிங்ஸ்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். ஒரு வரிசையின் ஆழம் அங்கேதான் தெரியும்.

வாழ்நாள் சராசரியைத் தொடவே வேண்டாம். ஒருவர் 22 வயதில் எடுத்ததும் 37 வயதில் எடுத்ததும் அதில் கலந்து கிடக்கும்.

கேள்வி: உங்க முதலிடம் யாருக்கு?

பதில்: 2001 ஆகஸ்ட் முதல் 2004 வரையிலான ஆஸ்திரேலியாவுக்கு. இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் நடந்த டெஸ்டில் லாங்கரும் ஹெய்டனும் முதன்முறை சேர்ந்து ஓப்பனிங் இறங்கினார்கள். ஆஸ்திரேலியா 641/4 டிக்ளேர். அடுத்து பாண்டிங், வாஹ் சகோதரர்கள், மார்ட்டின். ஆனால் என் முடிவுக்குக் காரணம் ஏழாம் இடம், அதாவது விக்கெட் கீப்பர் கில்கிறிஸ்ட். இந்தக் காலத்துக்குச் சற்று முன்பே அது தெரிந்துவிட்டது. 1999 ஹோபார்ட்டில் பாகிஸ்தானுக்கு எதிராக 369 இலக்கு, 126/5. லாங்கரும் கில்கிறிஸ்ட்டும் 238 ரன் சேர்த்தார்கள். கில்கிறிஸ்ட் 149 நாட் அவுட். 2001 மும்பையில் 99/5. ஹெய்டனோடு சேர்ந்து 197 ரன், கில்கிறிஸ்ட் 112 பந்தில் 122. வேறெந்த அணியிலும் ஐந்தாவது விக்கெட் விழுந்த பிறகு எதிரணி பயந்ததில்லை.

இவர்களையும் சாய்க்க முடிந்தது. 2005 இங்கிலாந்தில் ஃபிளின்டாஃப் அரௌண்ட் த விக்கெட் வந்து இடதுகைக்காரர்களுக்கு வீசினார், பழைய பந்து ரிவர்ஸ் ஸ்விங் ஆனது, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளைந்தது. அந்தத் தொடர் முழுக்க கில்கிறிஸ்ட்டுக்கு ஒரு அரைசதம்கூட இல்லை.

கேள்வி: கவாஸ்கர், சேவாக், டிராவிட், சச்சின், கோலி. இதுக்கு மேல ஒரு வரிசை உண்டா அண்ணா?

பதில்: சேர்ந்து ஆடாதவர்களை இங்கே எடுப்பதில்லை.

கேள்வி: 952/6 அடிச்ச இலங்கை?

பதில்: அதே டெஸ்டில் இந்தியா 537/8 டிக்ளேர் செய்தது, ஆட்டம் டிரா. 1997 கொழும்பு பிட்ச் எப்படி இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. சங்கக்காரா, ஜெயவர்த்தனே இருவரையும் நான் மிக உயரத்தில் வைக்கிறேன். ஆனால் இலங்கை ஆஸ்திரேலிய மண்ணில் ஒரு டெஸ்ட்கூட ஜெயித்ததில்லை.

கேள்வி: பழைய காலத்து ஆட்களை எல்லாம் கணக்குல எடுக்கணுமா? அப்ப பந்துவீச்சே சுமார்தானே?

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும். அப்போது பிட்சை மூட மாட்டார்கள். மழையில் நனைந்த பிட்ச் வெயிலில் காயும்போது மேல்தோல் இறுகி, அடியில் ஈரம் நிற்கும். ஒரே இடத்தில் விழும் பந்து ஒருமுறை முகத்துக்கு எழும்பும், அடுத்த முறை முட்டிக்குக் கீழே போகும். 1929 ஜனவரி, மெல்போர்னில் இங்கிலாந்துக்கு இப்படியொரு பிட்சில் 332 இலக்கு. ஹாப்ஸும் சட்கிளிஃபும் முதல் விக்கெட்டுக்கு 105 சேர்த்தார்கள். அடுத்து ஹாம்மண்டுக்குப் பதில், தடுத்தாடுவதில் உறுதியான ஜார்டினை அனுப்பச் சொல்லி ஹாப்ஸ் களத்திலிருந்தே சேதி அனுப்பினார். சட்கிளிஃப் 135, இங்கிலாந்து மூன்று விக்கெட்டில் வென்றது. அந்தத் தொடரில் ஹாம்மண்ட் எடுத்தது 905 ரன். இந்த இங்கிலாந்து வரிசைக்கு என் இரண்டாம் இடம்.

கேள்வி: 2002-04 இந்தியாவை விட்டுட்டீங்க. ஆனா அதுல ஓப்பனிங்ல ஒரு ஓட்டை இருந்துச்சு. ஆகாஷ் சோப்ரா ஆஸ்திரேலியாவுல ஒரு ஐம்பதுகூட அடிக்கல.

பதில்: அடிக்கவில்லை, அந்தத் தொடரில் அவருடைய அதிகபட்சம் 48. ஆனால் ஓப்பனரின் கணக்கை ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும். மெல்போர்னில் முதல் விக்கெட்டுக்கு 141, சிட்னியில் 123. ஆஸ்திரேலியாவில் பயன்படும் கூக்கபுரா பந்தின் தையல் முதல் இருபது ஓவர் வரைதான் கூர்மையாக இருக்கும். அதைத் தேய்த்துக் கொடுத்தாலே டிராவிட்டும் சச்சினும் பழைய பந்தில் தொடங்கலாம். சிட்னியில் 705/7 வந்ததில் அந்தத் தொடக்கத்துக்குப் பங்கு உண்டு.

அதே நண்பர்: மெக்ராத்தும் இல்ல, வார்னும் இல்ல. அதையும் சொல்லுங்க.

பதில்: சொல்கிறேன். இருவரும் அந்தத் தொடரில் இல்லை. அதனால் 705-ஐவிட இங்கிலாந்தில் ஆடிய 2002 லீட்ஸ் டெஸ்டை நான் மேலே வைக்கிறேன். மேகம் கவிந்த காலை, ஈரப்பசை உள்ள பிட்ச். டாஸ் ஜெயித்து பேட்டிங். சேவாக் 8-இல் போனார். பாங்கர் 68 எடுத்து டிராவிட்டோடு 170 சேர்த்தார். பிறகு டிராவிட் 148, சச்சின் 193, கங்குலி 128, மொத்தம் 628/8. பாங்கர் செய்ததும் சோப்ரா செய்ததும் ஒரே வேலைதான். இதை ஓட்டை என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதே நண்பர்: அப்ப ஏன் முதலிடம் இல்ல?

பதில்: லீட்ஸுக்கு நான்கு மாதம் கழித்து நியூசிலாந்தில் இந்தியா நாலு இன்னிங்ஸில் எடுத்தவை 161, 121, 99, 154. புல் படர்ந்த பிட்சில் பந்து தையலில் பட்டு விலகியபோது தாமதமாக ஆடுவதை விட்டு, முன்னால் தள்ளி ஸ்லிப்பில் கொடுத்தார்கள். இரண்டாவது காரணம் ஏழாம் இடம். விக்கெட் கீப்பர்கள் ராத்ரா, பார்த்திவ் இருவரில் யாருமே கில்கிறிஸ்ட் அளவுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார்கள். எனக்கு இந்த அணி நான்காவது. மூன்றாவது, ஓவலில் 637/2 டிக்ளேர் செய்த 2012 தென்னாப்பிரிக்கா: ஸ்மித், ஆம்லா, காலிஸ், டி வில்லியர்ஸ்.

கேள்வி: சச்சின், டிராவிட், லக்ஷ்மண், சேவாக் சராசரியைக் கூட்டினா இந்தியாதானே...

பதில்: வாழ்நாள் சராசரி. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 1948 பிராட்மேன் அணி? அவர் ஒருத்தர்தானே அங்க?

பதில்: இல்லை. லீட்ஸில் கடைசி நாளில் 404/3 எடுத்து ஜெயித்தபோது மோரிஸ் 182, பிராட்மேன் 173 நாட் அவுட். முதல் இன்னிங்ஸில் 19 வயது ஹார்வி 112, லாக்ஸ்டன் 93. அதுவும் வழக்கமான ஓப்பனர் பார்ன்ஸ் காயத்தால் ஆடாத டெஸ்டில். ஐந்தாவது இடம் இவர்களுக்கு.

கேள்வி: ஒருநாள் போட்டியிலயும் இதே கணக்கு செல்லுமா?

பதில்: செல்லாது. அங்கே எத்தனை பந்தில் அடித்தார் என்பதையும் சேர்க்க வேண்டும். அது வேறு கணக்கு.

கேள்வி: வாழ்நாள் சராசரியில பார்த்தா வீக்ஸ் 58, வால்காட் 56...

பதில்: வேண்டாம் ஐயா. வீக்ஸ், வால்காட், வோரல் என்ற வெஸ்ட் இண்டீஸின் அந்த மூன்று டபிள்யூக்களும் சேர்ந்து ஆடிய டெஸ்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, உள்நாடு தனி, வெளிநாடு தனி என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள். அப்போது விரிவாகப் பேசுவோம்.