அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் குற்ற வழக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

பல வருடம் ஃபெடரல் கோர்ட்டில் (அமெரிக்க மத்திய அரசின் கோர்ட்) குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீலாக இருந்தவன் என்பதால் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். பொதுவான பதில்கள்தான் இவை. வழக்கு இருந்தால் உங்கள் வக்கீலிடம் பேசுங்கள்.

மதுரை சட்டக் கல்லூரி மாணவி: நம்ம ஊர் குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் மாதிரி அங்கேயும் ஒரே சட்டமா சார்?

இல்லைம்மா. 1946 முதல் இருக்கும் ஃபெடரல் குற்ற நடைமுறை விதிகள் ஃபெடரல் கோர்ட்டுக்கு மட்டும். தெருவில் நடக்கும் திருட்டு, அடிதடி பெரும்பாலும் மாநிலக் கோர்ட்டுக்குப் போகும். அங்கே வேறு விதிகள். இன்னொன்று, திருத்தங்களை உச்ச நீதிமன்றம் மே 1க்குள் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அனுப்பும். காங்கிரஸ் வாயைத் திறக்காவிட்டால் டிசம்பர் 1 முதல் அமல்.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து: பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் ஜட்ஜ் முன்னால் நிறுத்த வேண்டுமா?

அந்த ஃபெடரல் விதிகளில் விதி 5ல் அந்த 24 கிடையாது. 'தேவையில்லாத தாமதமின்றி' என்றுதான் இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் பிடித்தால், கைதுக்குக் காரணம் இருக்கிறதா என்பதைப் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் ஒரு நீதிபதி பார்த்தாக வேண்டும்; இது 1991ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

அதே அண்ணன்: கிராண்ட் ஜூரி சம்மன் வந்தால் வக்கீலைக் கூட்டிப் போகலாமா?

கிராண்ட் ஜூரி என்பது ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு. கதவு வரை போகலாம். உள்ளே 16 முதல் 23 பேர் உட்கார்ந்திருப்பார்கள். அரசு வழக்கறிஞர் இருப்பார், ஜட்ஜ் இருக்க மாட்டார், உங்கள் வக்கீலும் வரக்கூடாது. வெளியே வராந்தாவில் இருக்கும் அவரிடம் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வரலாம். 12 பேர் ஒத்துக்கொண்டால் குற்றச்சாட்டு ரெடி. ரகசியம் காக்கும் கடமை ஜூரர்களுக்கும் அரசுத் தரப்புக்கும் உண்டு. சாட்சியின் வாயை விதி 6 கட்டவில்லை.

டல்லாஸ், கிரீன் கார்டு வைத்திருப்பவர்: 'குற்றத்தை ஒத்துக்கொண்டால் குறைந்த தண்டனை' என்கிறார்கள். நம்பலாமா?

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அங்கே தண்டனை பெறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் விசாரணையே நடக்காமல், குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கான விதி 11 வழியாகப் போனவர்கள். பேரம் அரசு வழக்கறிஞருக்கும் உங்கள் வக்கீலுக்கும் இடையில். ஜட்ஜ் அதில் தலையிடக் கூடாது. ஒப்பந்தத்தில் எந்த வகை என்று பாருங்கள். 'பி' வகை என்றால் அரசுத் தரப்பு சொல்வது வெறும் சிபாரிசு. ஜட்ஜ் அதற்கு மேல் போட்டாலும், ஒத்துக்கொண்டதை அந்தக் காரணத்துக்காகத் திரும்பப் பெற முடியாது. 'சி' வகையில், அதாவது இன்ன தண்டனை என்று இரு தரப்பும் முடிவு செய்தால், அதை ஜட்ஜ் ஏற்றுக்கொண்டால் அவரையும் கட்டும். நிராகரித்தால் நீங்கள் பின்வாங்கலாம்.

அப்புறம் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளும் அந்த நாள். ஜட்ஜ் கேட்டுக்கொண்டே போவார்: எதுவரை படித்தீர்கள், இன்று ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா, யாராவது மிரட்டினார்களா, வக்கீல் மேல் திருப்தியா. ஒருமுறை நம்மவர் ஒருவர் எல்லாவற்றுக்கும் நம் பாணியில் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அது ஆமாவா இல்லையா என்று புரியாமல் ஜட்ஜ் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார், "வாயால் சொல்லச் சொல்லுங்கள், தலையாட்டலைத் தட்டச்சு செய்ய முடியாது." மறுபடி முதல் கேள்வியிலிருந்து.

குடியுரிமை இல்லாதவர்களை நாடு கடத்தலாம் என்று எச்சரிப்பது 2013லிருந்து இந்தக் கேள்விகளில் சேர்ந்தது. அது பொதுவான எச்சரிக்கை. உங்கள் கார்டுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியது உங்கள் வக்கீல். 2010ல் உச்ச நீதிமன்றம் அதை அவர் கடமையாக்கிவிட்டது. கையெழுத்துக்கு முன்னால் குடியேற்ற வக்கீலையும் பாருங்கள். பின்னால் பார்த்துப் பயனில்லை.

ஜெர்சி சிட்டி: 70 நாளில் விசாரணை என்று சட்டமாமே. என் மைத்துனர் வழக்கு இரண்டு வருடமாக ஓடுகிறதே?

1974 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மனு நிலுவையில் உள்ள நாள், ஜட்ஜ் காரணம் சொல்லித் தரும் வாய்தா எல்லாம் கணக்கில் வராது. பாதி வாய்தா நாங்களே கேட்டு வாங்குவதுதான்!

கொழும்பு: உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்ததாக மாட்டிய ராஜ் ராஜரத்தினம் வழக்கில் போனை ஒட்டுக்கேட்டது சாதாரண சர்ச் (சோதனை) வாரண்டிலா?

இல்லை. சர்ச் வாரண்ட் விதி 41: 14 நாளுக்குள் சோதனை நடத்த வேண்டும், பொதுவாகக் காலை 6 முதல் இரவு 10 வரை. ஒட்டுக்கேட்க 1968ன் தனிச் சட்டம், அதற்கு இன்னும் கடுமையான நிபந்தனைகள். அவர் வக்கீல்கள் அதை எதிர்த்தார்கள், எடுபடவில்லை. 2011ல் 14 குற்றச்சாட்டிலும் தண்டனை. 2013ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

ஹூஸ்டன்: அப்பீலுக்கு எத்தனை நாள்?

14. தீர்ப்பு பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து. நல்ல காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் வரை நீட்டலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அப்பீல் வேண்டும் என்று வக்கீலிடம் அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.