அரசாங்கத்திலும் அரச பாடசாலைகளிலும் சமயத்துக்கு இடம் இருக்க வேண்டுமா?

இலங்கையை மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அரசாங்கத்தில் வேண்டாம் என்பேன். பாடசாலையில் இருக்கட்டும், ஆனால் இப்போது இருக்கிற விதத்தில் இல்லை.

நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எங்களுடையது சைவக் குடும்பம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை என்றால் அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அப்படியே பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலிலும் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். அந்தோனியார் கோயில் வரிசையில் சிங்களப் பெண்கள் நிற்பார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முஸ்லிம் தாய்மாரும் நிற்பார்கள். நீ என்ன சமயம் என்று அங்கே யாரும் அம்மாவைக் கேட்டதில்லை.

பாடசாலையில் கேட்டார்கள். தரம் 6இல் சமயப் பாடத்துக்கு மணி அடித்ததும் எங்கள் வகுப்பில் ஏழு பேர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழும்புவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள். அவர்களுக்கென்று ஆசிரியரும் இல்லை, அறையும் இல்லை. ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து மாடிப்படியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த சிநேகிதியும் அவர்களில் ஒருத்தி. நாங்கள் உள்ளே தேவாரம் பாடுவதைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு நாலைந்து பாட்டு பண்ணோடு மனப்பாடம். அவளுடைய புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு வரியும் தெரியாது. தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் படித்த மறைக்கல்வியை வைத்துக்கொண்டுதான் அவள் அதை எழுதினாள்.

சரி, அரசாங்கத்துக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்தபோது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமயத்தவருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. 1972இல் அந்தப் பாதுகாப்பு போய், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதப்பட்டது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையிலும் அது தொடர்கிறது. அடுத்த உறுப்புரையே எல்லோருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம், சமயச் சுதந்திரம் உண்டு என்கிறது. அப்படியிருக்க உங்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரசு ஒரு சமயத்தைக் கையில் எடுத்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1966இல் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, சந்திரனை வைத்து வரும் பௌத்தர்களின் புனித நாளான போயாவையும் அதற்கு முந்திய நாளையும் வார விடுமுறை ஆக்கினார்கள். 1971 வரைக்கும் இதுதான் நடந்தது. சந்திரனைப் பார்த்து வாரம் ஓடியதால் ஒரு வாரம் ஏழு நாளாகவும் இன்னொன்று எட்டு நாளாகவும் வந்தது. கிறிஸ்தவர்கள் பூசைக்குப் போக வேண்டிய ஞாயிறு, வேலை நாளாகிப் போனது. போயா விடுமுறையில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை, வெசாக் பண்டிகைக்குக் கட்டும் விளக்குக் கூடு பார்க்கப் போகாத பிள்ளை கொழும்பில் உண்டா? ஒருவருடைய நாளை வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்ததுதான் பிழை.

தரம் 1 அனுமதியிலும் சமயம் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் அரசு பொறுப்பேற்ற, முன்பு அரசின் நிதியுதவியோடு தனியார் நடத்திய பாடசாலைகளில், பொறுப்பேற்ற காலத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எத்தனை வீதம் இருந்தார்கள் என்று பார்த்து இடங்களைப் பிரிக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்பதை அறுபது வருடத்துக்கு முந்திய பதிவேடு தீர்மானிக்கிறது. என் கணவர் கத்தோலிக்கர். மகளுக்கு விண்ணப்பம் நிரப்பிய அன்று, சமயம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். இரண்டும் என்று எழுத அதில் வழியில்லை. கடைசியில் அவருடைய சமயத்தை எழுதினோம்.

அப்படியென்றால் பாடசாலையில் சமயமே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்பீர்கள். இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் சமய போதனை கூடாது என்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேவாரம் எனக்குக் கிடைத்தது அந்தப் பாடவேளையில்தான். கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அது சமயம் மட்டுமா, தமிழும் அல்லவா? ஆனால் 2019 ஏப்ரல் 21இல் அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு நடந்ததையும் நான் மறக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ வருடமாக இருக்கும் முஸ்லிம் அக்காவைப் பார்த்து, உங்கள் பள்ளிவாசலில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று படித்தவர்களே கேட்டார்கள். தரம் 1 முதல் 11 வரை சமயம் படித்துப் பரீட்சை எழுதியவர்கள்தான் அவர்கள். பக்கத்து வீட்டுத் தொழுகையில் என்ன ஓதுகிறார்கள் என்று ஒரு நாளும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்: வாரத்தில் ஒரு பாடவேளையாவது எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து எல்லாச் சமயங்களையும் படிக்கட்டும். தன் சமயத்தை ஆழமாகப் படிக்க அறநெறிப் பாடசாலை இருக்கிறது, மறைக்கல்வி இருக்கிறது, மதரசா இருக்கிறது.

மகள் இப்போது தரம் 4. மணி அடித்ததும் அவளும் புத்தகத்தோடு வெளியே போகிறாள். நல்லவேளை, இவளுடைய பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருக்கிறார். போன மாதம் ஒரு நாள், "அம்மா, நாங்க போன பிறகு உள்ளே என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டாள். என் பழைய சைவநெறிப் புத்தகத்தை அலுமாரியில் தேடி எடுத்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து வாசிக்கிறோம், அவளுடைய அப்பாவும் வந்து பக்கத்தில் இருந்துகொள்கிறார்.