ஆசிரியரின் சொந்த வாழ்க்கையை வைத்து அவர் வேலையை எடைபோடலாமா?

மகளின் வகுப்பு டீச்சர் விவாகரத்து ஆனவர், இன்னொருவரோடு பழகுகிறார் என்று ஊரில் பேசுகிறார்கள், நிர்வாகம் ஏதாவது செய்ய வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்று சொல்ல ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஆசிரியர் இல்லை. தாமிரபரணிக் கரையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வரும் தபாலைப் பிரித்து, சீல் குத்தி, பதிவேட்டில் ஏற்றுவது என் வேலைகளில் ஒன்று. அதனால் மொட்டைக் கடுதாசிகளோடு எனக்கு நல்ல பழக்கம். அவற்றுக்கு ஒரு பருவம் உண்டு. ஒழுக்கத்தைப் பற்றிய அக்கறை எங்கள் பள்ளியில் வருஷம் முழுக்கத் தூங்கிக் கிடக்கும். பணிமூப்புப் பட்டியல் தயாராகும் மாதத்தில் மட்டும் பொங்கிக்கொண்டு வரும்.

பதினைந்து வருஷம் இருக்கும். நீல நிற இன்லண்ட் லெட்டர் ஒன்று வந்தது. இடது கையால் எழுதியது போல எழுத்தெல்லாம் சாய்ந்து கிடந்தது. தமிழ் டீச்சர் புருஷனைப் பிரிந்து பாளையங்கோட்டையில் தனியாக வீடு எடுத்திருக்கிறார், சாயங்காலமானால் அங்கே ஒரு பைக் நிற்கிறது, அதன் நம்பர் இது, இப்படிப்பட்டவர் திருக்குறள் நடத்தினால் பிள்ளைகள் கதி என்ன என்று இருந்தது. கீழே 'இப்படிக்கு, பெற்றோர்'. எங்கள் பள்ளிப் பெற்றோரில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், மீதிப் பேர் வயல் வேலைக்குப் போகிறவர்கள். பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய் பைக் நம்பரைக் குறித்துவர அவர்களுக்கு எங்கே நேரம்? தவிர, எழுத்தை எவ்வளவு சாய்த்தாலும் 'ழ'வின் வாலை மறைக்க முடிவதில்லை. அந்த வாலை நான் தற்செயல் விடுப்பு விண்ணப்பங்களில் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். பட்டியலில் டீச்சருக்கு அடுத்த பெயர்க்காரர்.

செயலர் டீச்சரை அழைத்தார். நானும் ஃபைலோடு நின்றேன்.

"ஊர்ல ஒரு மாதிரி பேசுதாவ டீச்சர்" என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினார்.

டீச்சர் நின்றபடியே முழுக்கப் படித்தார். "ரெண்டு எடத்துல ஒற்று விட்டுப்போச்சு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மெமோ எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஜூனில் பத்தாம் வகுப்பு அவரிடமிருந்து போயிற்று. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆண்டு விழா மேடைப் பக்கமும் அவரைக் கூப்பிடவில்லை. தண்டனை என்று எந்தத் தாளிலும் இல்லாததால் மேல்முறையீடும் செய்ய முடியாது. உதவிபெறும் பள்ளியில் நிர்வாகம் நினைத்தவுடன் ஒருவரை வேலையை விட்டு நீக்க முடியாது, கல்வித் துறையின் முன் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் 1973-லேயே வந்துவிட்டது. ஆனால் பத்தாம் வகுப்பைப் பிடுங்க யார் அனுமதியும் வேண்டியதில்லை. அந்த பைக் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதே காலத்தில் எங்களிடம் இன்னொரு ஆசிரியர் இருந்தார். ஊரில் ஒரு குடும்பம், அம்பாசமுத்திரம் பக்கம் இன்னொன்று. எல்லாருக்கும் தெரியும், சிரிப்பார்கள், அவ்வளவுதான். அரசுப் பள்ளியாக இருந்தால் வேலையே போகக்கூடிய விஷயம்: தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளில், மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொரு கல்யாணம் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். விதியில் எழுதியிருக்கும் குற்றத்துக்கு ஒரு தபால்கூட வரவில்லை; எந்த விதியிலும் இல்லாத பைக்குக்கு வந்தது. பெண் என்றால் ஊருக்குக் கண் இரண்டு போதாது.

சட்டம் இந்தப் பக்கத்தில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் சொல்லிவிட்டார்கள். திருமணம் தாண்டிய உறவைக் குற்றமாக வைத்திருந்த 497-ஆவது பிரிவும் 2018-ல் போய்விட்டது. மாணவியிடமோ மாணவனிடமோ ஆசிரியர் தவறாக நடப்பதை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். 'அது அவங்க சொந்த விஷயம்' என்று அதற்கும் பஞ்சாயத்து பேச வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012-ன் போக்சோ சட்டத்தில் பள்ளி ஊழியர் செய்தால் தண்டனை இன்னும் கூடுதல். வட்டிக்கு விடுகிற வாத்தியார்களையும் நான் மன்னிக்க மாட்டேன். ஒன்றாம் தேதி ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு அம்மா வட்டிப் பணத்தோடு நிற்பார், உள்ளே அவர் பையன் கரும்பலகை துடைத்துக்கொண்டிருப்பான். சொந்த வரவுசெலவு வகுப்புக்குள் வந்துவிட்டது, இல்லையா?

என்னைக் கேட்டால், நம் ஜில்லாவில் வகுப்புக்குள் வந்து உட்காரும் சொந்த விஷயங்களில் பெரியது சாதி. அதைத்தான் நாம் நாகரிகமாகக் கண்டும் காணாமல் விடுகிறோம்.

எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர். வெற்றிலை பாக்குகூடப் போட மாட்டார். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வடம் பிடிக்கத் தவறியதில்லை. குடும்பம் என்றால் அவர் குடும்பம்தான் என்பார்கள். ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பிள்ளைகள் சேர்ந்து முடிந்ததும் என் மேசைக்கு வருவார். "அந்த அட்மிஷன் ரிஜிஸ்டரைக் கொஞ்சம் எடும்வே." பெயர், பிறந்த தேதி, முந்தைய பள்ளி எதையும் பார்க்க மாட்டார். சாதிக் கட்டத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இறக்கிக்கொண்டே வருவார். சில இடத்தில் விரல் நிற்கும். அடுத்த வாரத்துக்குள் வகுப்புத் தலைவன் யார், மைதானத்தில் காகிதம் பொறுக்க எந்த நாலு பேர் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். லீவு நாளில் சாதிச் சங்கக் கூட்டத்துக்குப் போவார், ஃபிளக்ஸில் அவர் படம் இருக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கு வருவார்கள். இவரைப் பற்றி முப்பது வருஷத்தில் ஒரு மொட்டைக் கடுதாசிகூட நான் பதியவில்லை.

சேரன்மாதேவி எங்களுக்குப் பக்கம்தான். விடுதலைப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய குருகுலம் அங்கேதான் நடந்தது. அவருடைய சொந்த வாழ்க்கையைப் பார்த்து யாரும் விரல் நீட்ட முடியாது; 1925-ல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். ஆனால் அவருடைய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காகத் தனியாகச் சாப்பாடு. தமிழ்நாட்டு அரசியலையே அந்தத் தனிப் பந்தி புரட்டிப் போட்டது. ஆசிரியர் நல்லவரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பந்தியில் யாரை எங்கே உட்கார வைத்தீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

நூறு வருஷம் கழித்து 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கூடப் படித்தவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, பொட்டு வேண்டாம் என்று அதில் சொன்னதைப் பற்றித்தான் டீக்கடையில் பேசினார்கள். அதே அறிக்கையில், ஒரு பகுதியில் எந்தச் சாதி பெரும்பான்மையோ அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமையாசிரியராகப் போட வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரை இருக்கிறது. படித்தபோது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் மகளின் டீச்சரைப் பற்றி அவளிடமே கேளுங்கள். பாடம் புரிகிறதா, எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, யாரையாவது எப்போதும் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கிறாரா. அவர் வீட்டு வாசலில் என்ன வண்டி நிற்கிறது என்று கேட்காதீர்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூனில், பீரோ சாவி வீட்டில் இருக்கிறது என்று அந்த மூத்த ஆசிரியரிடம் பொய் சொன்னேன். "நாளைக்குக் கொண்டாரும்வே" என்றார். மறுநாள் கொண்டுபோனேன்.